அம்மாவுக்குப் புரையேறிய காலம்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாருக்காவது புரையேறினால் பெரிய அமளியாகிவிடும். ஒருவர் உச்சந்தலையில் தட்டுவார். ஒருவர் தண்ணீர்ச் செம்பை நீட்டுவார். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே "மேல பாரு, மேல பாரு" என்பாள். இருமல் அடங்கி, கண்ணில் வழிந்த நீரைத் துடைத்த பிறகு, நினைத்தது யார் என்ற விசாரணை தொடங்கும். புரையேறுவது என்றால் எங்கோ ஒருவர் நம்மை நினைக்கிறார் என்று அர்த்தம். ஆளைச் சரியாகச் சொல்லிவிட்டால் இருமல் நின்றுவிடும் என்றுகூட அக்கா சொல்வாள்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், சபையில் மூப்பர். பல்லி சொல்வது, பூனை குறுக்கே போவது, ராகுகாலம் எல்லாவற்றையும் அஞ்ஞானம் என்று பிரசங்கம் செய்வார். ஆனால் புரையேறினால் முதல் தட்டு அவருடையதாகத்தான் இருக்கும். இது மட்டும் அஞ்ஞானம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அது வேற, இது வேற. இது அன்பு" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

அண்ணன் இலங்கைக்குப் போன பிறகு வீட்டில் ஏறிய புரையெல்லாம் அவன் பேருக்கே போயிற்று. மலைத்தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை வேலை. தூத்துக்குடியில் கப்பலேற்றிவிட்டு அப்பா திரும்பி வந்த அன்று, கஞ்சி குடிக்கும்போது அம்மாவுக்குப் புரையேறிற்று. "எனக்க மவன் இப்பமே நினைக்கத் தொடங்கிட்டான்" என்று அவள் இருமிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை அதில் இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதலில் கடுதாசிகள் ஒழுங்காக வந்தன. பிறகு தேயிலை விலை விழுந்துவிட்டது என்றும், தோட்டங்கள் ஆட்களைக் கழிக்கின்றன என்றும் சாயாக்கடையில் பேப்பர் படிப்பவர்கள் சொன்னார்கள். திரும்பி வந்தவர்களில் அண்ணன் இல்லை. வந்தவர்களிடம் கேட்டால் அந்த மலை வேறு, நாங்கள் இருந்த மலை வேறு என்றார்கள். கடுதாசி நின்றுபோயிற்று. அதன் பிறகு அம்மாவுக்கு அவனிடமிருந்து வருவது இருமல் ஒன்றுதான்.

ஒரு நாள் காலையில் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவளின் இடது கையிலிருந்து கிழங்கு உருண்டு போயிற்று. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. வாதம் அடித்துவிட்டது. இடப்பக்கம் கையும் காலும் விழுந்து, வாய் ஒரு பக்கம் சரிந்தது.

நான் நாகர்கோவிலில் இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு, சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொல்ல, வடசேரியில் மோட்டார் ஏறி, பாதி வழியில் அது நின்றுபோக, மீதியை நடந்தே வந்தேன். கையில் இங்கிலீஷ் சரீர சாஸ்திரப் புத்தகம். அதை ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்டால் தெரியாது. அவசரத்தில் வீட்டைவிட்டு ஓடுபவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லையா, அந்த மாதிரி.

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அக்கா எனக்கு முன்னே வந்துவிட்டிருந்தாள். அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, தெளிந்த கஞ்சித்தண்ணீரைச் செம்பிலிருந்து வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எதையும் உதட்டில் வைத்துக் குடிக்கக் கூடாது, எச்சில் படும். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகும் அம்மா அந்தச் சுத்தத்தை விடவில்லை. நல்ல கையால் அக்காவின் கையைத் தள்ளி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்தாள். அக்கா ஊற்றினாள். நெஞ்சு குலுங்க ஓர் இருமல், பிறகு சத்தமே வராத ஓர் இருமல், முகம் கறுத்தது. அப்பா ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினார். "மேல பாரு, மேல பாரு" என்று இப்போது நாங்கள் சொன்னோம்.

இருமல் தணிந்ததும் அம்மா வாய் குழறிச் சொன்ன முதல் வார்த்தை, "நினைக்கான்."

அக்கா அழுதுகொண்டே, "ஆமாம்மா. உனக்கு சொகமில்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் புரையேறிற்று. ஒவ்வொரு முறையும் தட்டு, ஒவ்வொரு முறையும் "நினைக்கான்". பார்க்க வந்த சொந்தக்காரர்கள்கூட, "இப்படி ஓயாம நினைக்கிற பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்" என்று சொல்லிப் போனார்கள். அம்மாவின் கன்னத்து எலும்பு மேலே வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். குடித்து முடித்த பிறகு பேசினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் களகளவென்று இருந்தது. அந்தக் களகளப்பு எனக்குப் பயத்தைத் தந்தது. கஞ்சித்தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லிக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் விழுங்குவதற்கென்று ஒதுக்கியிருந்தது கொஞ்சம் இடம்தான். ஆனால் அதைப் படித்தபோது என் தொண்டையையே முதன்முதலாகச் சந்தித்த மாதிரி இருந்தது. தினமும் சாப்பிடுகிறோம், உமிழ்நீரை விழுங்குவதோ கணக்கில்லை. ஒருநாளாவது அதைக் கவனித்தோமா? பல் அரைத்ததை நாக்கு உருட்டிக் கவளமாக்கி அண்ணத்தில் அழுத்திப் பின்னால் தள்ளுகிறது. அதுவரை நம் விருப்பம். அதற்கப்பால் நம்மைக் கேட்பதில்லை. உள்நாக்கு மேலே எழுந்து மூக்கு வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல்வளை துள்ளி ஏறி நாக்கின் அடியில் ஒளிந்துகொள்கிறது. அதன் வாயில் ஒரு சின்ன மூடி கவிழ்கிறது. உணவுக்குழல் அந்த நொடியில்தான் திறக்கிறது. கவளம் உள்ளே போனதும் குரல்வளை இறங்கி, மூச்சு திரும்புகிறது. இவ்வளவும் ஒரு கண் சிமிட்டலில். மூச்சுக்கு ஒரு குழாய், சோற்றுக்கு ஒரு குழாய், இரண்டுக்கும் வாசல் ஒன்றே. இப்படி ஆபத்தாக ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, காவலுக்கு ஒரு துள்ளலை மட்டும் வைத்திருக்கிறார் ஆண்டவர்.

கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் விழுங்கிப் பார்த்தேன். எச்சில் வற்றிவிட்டது. பிறகு உணவு பாரத்தால் விழுகிறதா, குழல் தள்ளுகிறதா என்று அறிய, பின்புறத்துக் கொல்லாமரக் கிளையில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கியபடி ஏத்தன்பழம் தின்றேன். பழம் மேல்நோக்கி ஏறி வயிற்றுக்குப் போயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துணி காயப்போட வந்த அக்கா கீழே நின்று பார்த்தாள்.

"லேய், வவ்வாலு. அங்க அம்மா சாகக் கிடக்கா, நீ இஞ்ச தொங்கிட்டுத் திங்கியா?"

"குழல் தள்ளுதுக்கா. பாரத்துல விழல்ல."

"நீ விழு. அதுதான் எனக்குத் தெரியணும்."

வடசேரிச் சந்தைக்குப் போய் ஆட்டுக்கறிக் கடையில் நின்றேன். ஒரு குரல்வளை வேண்டும், நாக்கோடு, குழலோடு, சிதைக்காமல் வேண்டும் என்றேன். கடைக்காரர் கத்தியை நிறுத்தினார்.

"நாய்க்கா மக்கா?"

"இல்ல, படிக்கதுக்கு."

"ஆட்டுக்க தொண்டையிலயா உங்களுக்குப் பாடம் எழுதி வச்சிருக்கு? அது பாவம் 'மே'ன்னு ஒரே எழுத்துதான் படிச்சது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பனையோலையில் பொதிந்து கொடுத்தார். கிணற்றடியில் வைத்துப் பார்த்தேன். மூடியைக் கண்டேன். முருங்கை இலையைவிடக் கொஞ்சம் பெரியது. விரலால் அழுத்தினால் வளைந்து மீண்டும் நிமிர்ந்தது. இரண்டு குழாய்களும் முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. மேலிருந்து தண்ணீர் விட்டேன். நேராக மூச்சுக்குழலில் இறங்கிற்று. நாக்கை எப்படித் திருப்பினாலும், மூடியை எப்படிப் பிடித்தாலும், தண்ணீர் மூச்சுக்குழலுக்கே வழி கண்டுபிடித்தது. அப்போதுதான் உறைத்தது. மூடியால் மட்டும் காரியம் ஆவதில்லை. துள்ளல் வேண்டும். செத்த ஆட்டுக்குத் துள்ளல் கிடையாது. என் அம்மாவின் துள்ளலில் பாதி செத்துப்போயிருந்தது. தண்ணீர் ஓடும் வேகத்துக்கு அவள் குரல்வளை எழுந்து வருவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதால் என்ன செய்ய முடிந்தது? ஒன்றுமில்லை. தெரியாத நாள்களில் அவள் இருமல் ஓர் இருமலாக இருந்தது. இப்போது ஒவ்வோர் இருமலிலும் எந்தக் குழாயில் எது போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட ஆட்டின் எதிரே உட்கார்ந்திருப்பது சுலபம்.

வில்வண்டியில் வைக்கோல் பரப்பி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அம்மாவின் கழுத்தில் விரல் வைத்து ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார். இருமலைக் கேட்டார். முதுகில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். மூக்கு வழியாக ரப்பர்க் குழாய் விட்டுப் பாலை நேரே வயிற்றுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். விட்டார்கள். அம்மா நல்ல கையால் அதைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி விட்டார்கள், மறுபடி பிடுங்கினாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கையைக் கட்டிவைக்கலாம் என்று நர்ஸம்மா சொன்னபோது அம்மா அப்பாவைப் பார்த்தாள். பேச முடிந்திருந்தால்கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டாள்.

"வேண்டாம். வீட்டுக்குப் போவோம்" என்றார் அப்பா.

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "குறைத்துக் கொடுத்தால் பட்டினி, கூட்டிக் கொடுத்தால் நெஞ்சு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தால் எனக்கும் வந்து சொல்லு தம்பி" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கும் தெரியவில்லை. டாக்டருக்கே தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுவரை புத்தியில் ஏறாத விஷயம். வண்டி திரும்பும்போது சக்கரச் சத்தத்துக்குள் அம்மாவின் மூச்சுச் சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அப்பா சவப்பெட்டிக்குப் பலகை இருக்கிறதா என்று மச்சில் ஏறிப் பார்த்ததை நான் கண்டேன். நான் கண்டதை அவர் கண்டார்.

நோயாளிக்குத் தண்ணீராகத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். கட்டியானது தொண்டையில் அடைக்கும், தெளிவானது இறங்கும். அக்காவோடு சண்டை போட்டுக் கூவைக்கிழங்கு மாவில் களிபோலக் கிண்டச் சொன்னேன். தண்ணீர்தான் முந்திக்கொண்டு ஓடுகிறது. மெல்ல ஊர்வதைக் கொடுத்தால் குரல்வளை எழும்ப நேரம் கிடைக்கும் என்பது என் கணக்கு. அக்கா, "அடைச்சுச் செத்தா நீதான் பொறுப்பு, டாக்கிட்டரே" என்று சொல்லிக் கிண்டினாள். களியிலும் புரையேறிற்று. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மேலே பார்த்து, அதே பழக்கத்தில் அவள் அதையும் வாங்கினாள். என் கணக்கும் பொய் என்று நினைத்தேன். புத்தகத்தை மரப்பெட்டிக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா வழக்கம்போல் சாப்பாட்டு ஜெபத்துக்கு எழுந்தார். எழுந்ததை அக்கா கவனிக்கவில்லை. அம்மாவின் வாயில் ஒரு கவளம் களியை வைத்துவிட்டாள். அதற்குள் அப்பா "பரலோகத்திலிருக்கிற எங்கள் நல்ல பிதாவே" என்று தொடங்கிவிட்டார். ஜெபத்துக்கு நடுவில் அசையக் கூடாது. அக்கா கரண்டியோடு உறைந்து நின்றாள். அம்மா, வாதம் அடித்தாலும் மூப்பர் மனைவி, வாயில் களியோடு தலையைக் குனிந்துகொண்டாள். தாடை நெஞ்சைத் தொட்டது.

அப்பாவின் ஜெபம் சின்ன ஜெபம் அல்ல. வீட்டில் தொடங்கி, சபைக்குப் போய், மழைக்குப் போய், மகாராஜாவுக்குப் போய், கடல் கடந்து இலங்கைக்குப் போய்த்தான் திரும்பும். நான் கண்ணை மூடவில்லை. இருமலுக்காகக் காத்திருந்தேன். வாயில் களி, தட்ட ஆள் இல்லை. ஜெபத்துக்கு நடுவே அம்மா போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கழுத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. சற்றுக் கழித்து மறுபடி. இருமல் வரவில்லை.

ஆமென் சொன்னதும் பாய்ந்துபோய் அவள் வாயைத் திறந்து பார்த்தேன். காலி.

"என்னலே செய்யிய?" என்றார் அப்பா.

"விழுங்கிட்டா. புரையேறாம விழுங்கிட்டா."

"ஜெபத்துக்கு நடுவிலயா?" என்று அப்பா கேட்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது கண்டிப்பு. பிறகு அது குலைந்தது. மறுபக்கம் திரும்பி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தலைமுறை தலைமுறையாக நாங்கள் செய்துவந்தது எல்லாம் நேர்மாறு. அண்ணாந்து குடிப்பது, புரையேறினால் மேலே பார்ப்பது, தலையில் தட்டுவது. 'தலைக்கேறிவிட்டது' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை நம்பித் தலையில் தட்டுகிறோம். ஏறினது தலைக்கில்லை, இறங்கினது நெஞ்சுக்குள். நல்ல தொண்டை எதையும் பொறுத்துக்கொள்ளும். பாதித் தொண்டைக்கு அண்ணாந்தால் வாசல் அகலத் திறந்துவிடுகிறது. குனிந்தால் நாக்கின் அடிவாரத்தில் ஒரு பள்ளம் உண்டாகி, துள்ளல் வரும்வரை களி அங்கே காத்து நிற்கிறது. இது நானாக ஊகித்தது, புத்தகத்தில் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் ஒரு கிண்ணம் களி முழுதும் குனிந்தபடி தின்றாள். செம்பைத் தூக்கி அடுக்களைக் கோடியில் வைத்தோம். பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டி, கிண்ணத்தை மடிக்குப் பக்கத்தில் வைத்து, அவளே குனிந்து கோரிக் குடிக்கும்படி செய்தோம். குரலில் களகளப்பு போயிற்று. காய்ச்சல் விட்டது. நான் மரப்பெட்டிக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் துடைத்தேன்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். அம்மா சாப்பிடுவதைக் குறைத்தாள். பிலாவிலை கையில் இருக்கும், வாய்க்குப் போகாது. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பசியில்லையா என்றால் தலையை மட்டும் ஆட்டுவாள். பிறகு குரலில் களகளப்பு திரும்பி வந்தது. காய்ச்சல் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. களி அதே களி, குனிவு அதே குனிவு.

ஒரு மத்தியானம் நாங்கள் எல்லோரும் பின்புறத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே இருமல் கேட்டது; பழைய இருமல். ஓடினேன். அம்மா நல்ல கையையும் நல்ல காலையும் ஊன்றி அடுக்களைக் கோடிவரை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். செம்பைப் பிடித்து, தலையை முடிந்தமட்டும் பின்னுக்குச் சாய்த்து, அண்ணாந்து வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி மார்பில் வழிந்தது. பாதி உள்ளே போயிற்று, எங்கே போகக் கூடாதோ அங்கே.

செம்பைப் பிடுங்கினேன். தலையை முன்னுக்குத் தள்ளி முதுகைத் தடவினேன். இருமல் நிற்க நெடுநேரம் ஆயிற்று. உதடு நீலமாக இருந்தது. அந்த நீலத்துக்குள் அவள் சிரித்தாள். அண்ணனைக் கப்பலேற்றிவிட்டு அப்பா வந்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"நினைக்கான்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. புரையேறாத நாள்களில் அவள் ஏன் சுவரைப் பார்த்தாள் என்று. அவளைப் பொறுத்தவரை நான் நிறுத்திவைத்தது இருமலை அல்ல.

"அம்மா, அது அவன் நினைக்கிறதுல வரல்ல. உனக்க தொண்டையில பாதி வேலை செய்யல்ல. குடிக்க வெள்ளம் நெஞ்சுக்குள்ள போகு. இப்படிக் குடிச்சா செத்துப்போவ" என்றேன். ஆட்டைப் பற்றிச் சொன்னேன். மூடியைப் பற்றிச் சொன்னேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் பொறுமையாகக் கேட்டாள், சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்பதுபோல. பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"பின்ன ஏன்... இத்தனை நாளா ஏறல்ல? மறந்திட்டானா? இல்ல... அவன் இல்லியா?"

அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். பல்லியையும் பூனையையும் பிரசங்கத்தில் நொறுக்கிய மனுஷர். ஒரு வார்த்தை சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அது அன்பு என்று என்னிடம் சொன்னவர் அவர்தான். இப்போது அதை எப்படி அஞ்ஞானம் என்பார்? வேட்டி நுனியைப் பிடித்தபடி வெளியே இறங்கிப்போனார்.

இனி வழியில்லை என்று நின்றுபோனேன். வாசலைத் திறந்தாலும் சாவு, மூடினாலும் சாவு. செம்பை ஒளித்துவைக்கலாம், குடத்தை ஒளித்துவைக்க முடியுமா, அவள் கண்ணை எங்கே ஒளிப்பது? வாயில் வந்ததைச் சொன்னேன். ஆத்திரத்தில், அவளை மடக்கிவிட வேண்டும் என்று மட்டுமே சொன்னேன்.

"செரி. அவன் நினைச்சா உனக்குப் புரையேறும். நீ எப்பவும் அவனைத்தானே நினைக்க? அப்ப அவனுக்கு அங்க ஓயாம புரையேறணும் இல்லியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். சரிந்த வாய் மெல்லத் திறந்தது. நான் சொன்னதன் அபத்தம் அவளுக்குப் புரியும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் வந்தது வேறு. வெறும் பயம்.

"அங்க அவனுக்கு ஆரு தட்டுவா?" என்றாள்.

அக்கா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒத்தைக்கு இருந்து உண்ணுகவன்" என்றாள் அம்மா மறுபடி. "நான் நினைச்சா... அவனுக்கு இருமும். ஆரும் இல்ல. அவனும் அதுதான்... உண்ணுக நேரத்துல என்னை நினைக்காம இருக்கான்."

அன்று சாயங்காலம் அவளாகவே கிண்ணத்தைக் கேட்டாள். தலையைக் குனிந்தாள். ஒரு கவளம் விழுங்கினாள். பிறகு நிறுத்தி, "எதாவது பறை" என்றாள்.

"என்ன பறையணும்?"

"எதாவது. மனசு அங்க போகுது. அவன் உண்ணுக நேரத்துல போகக் கூடாது. உனக்க புஸ்தகத்தை வாசி."

அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தாள். சாப்பாடு இல்லாத நேரத்தில் எச்சிலில் புரையேறாதா என்றுதான் இருக்கும், அவள் அப்படிப்பட்டவள். நான் அவள் கையைக் கிள்ளினேன். வெற்றிலை எச்சிலைத் துப்பப் போவதுபோல எழுந்து போனாள்.

அப்படித்தான் தினமும் நடந்தது. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். நாக்கு உருட்டுகிறது, நாக்கு தள்ளுகிறது, உள்நாக்கு எழும்புகிறது, மூச்சு நிற்கிறது, குரல்வளை ஏறுகிறது, மூடி கவிழ்கிறது, வாசல் திறக்கிறது, போயிற்று. அவள் அதற்கேற்ப விழுங்குவாள். நான் சில நேரம் முந்திவிடுவேன், கண்ணால் அதட்டுவாள். 'குரல்வளை ஏறுகிறது' என்னும் இடத்தில் அவள் கழுத்தில் விரலை வைப்பேன். ஏறும். சோம்பலாக, ஒரு பக்கம் சாய்ந்து, நின்று நின்று ஏறும். ஒரு சில நாள் ஏறாது. அன்றைக்குக் கிண்ணத்தை எடுத்துவைத்துவிடுவோம். அவள் பட்டினியாகப் படுப்பாள், நாங்களும் பெரும்பாலும் அப்படியே. காய்ச்சல் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. நெஞ்சுச் சளியின் சத்தம் எந்த மழைக்கு அதிகமாகும் என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலேஜில் என் பெயரை அடித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இது எல்லாம் போன வருஷத்துக் கதை இல்லை. இன்று மத்தியானமும் அப்படித்தான் ஆயிற்று. இலங்கையிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. கடைசிக் கவளம் இறங்கியதும் நான் புத்தகத்தை மூடினேன். அம்மா உடனே தலையை நிமிர்த்தவில்லை. வாயில் ஒன்றும் மீதி இல்லை என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாசலுக்கு வெளியே விழுந்திருந்த தென்னை நிழலைப் பார்த்தாள்.

"அவன் இன்னேரம் உண்டு முடிச்சிருப்பானா?"

நிழல் அடிமரத்தைவிட்டு நன்றாக நகர்ந்திருந்தது.

"முடிச்சிருப்பாம்மா. கை கழுவிட்டு எழும்பியிருப்பான்."

"செரி" என்றாள். சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இனி அவள் அவனை நினைக்கிற நேரம், பேச்சுக் கொடுக்கக் கூடாது.